லாங்போ வேட்டைக்கு எந்த மரத்து அம்பு?

என்னிடம் இருப்பது 52 பவுண்டு லாங்போ, அதாவது மரபு முறையில் செய்த நீண்ட வில். அந்த 52 என்பது நாணை 28 அங்குலம் இழுக்கும்போது. என் கை நீளத்துக்கு 27 அங்குலம்தான் வரும். அதனால் என் விரல்களில் விழும் பாரம் ஏறத்தாழ 50 பவுண்டு. இந்த வில்லோடுதான் அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடருக்கு மேற்கே உள்ள ஈரக் காடுகளில் கருவால் மான் வேட்டைக்குப் போகிறேன். கோடை தொடங்கியதும் அந்த ஆண்டுக்கான அம்புத் தண்டுகளை வாங்கியாக வேண்டும். புதிதாக லாங்போ எடுத்த நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த மரம் வாங்கலாம்?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்வதைவிட, முழுதாக ஒரு முறை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அங்கிருந்து வாசிப்பவர்கள் இதை இலக்குப் பயிற்சிக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தண்டைத் தேர்ந்தெடுக்கும் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். வேட்டைக்கு என்று வரும்போது எடையும் உறுதியும் கூடுதலாக வேண்டும், அவ்வளவே.

சரி, எந்த மரம்? என் பதில் கடைசியில் டக்ளஸ் ஃபிர் என்றுதான் வந்து நிற்கும். ஆனால் மரத்தின் பெயரைக் கடைசியில் முடிவு செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். தண்டின் விறைப்பு உங்கள் வில்லுக்குப் பொருந்த வேண்டும். பன்னிரண்டு தண்டும் ஒன்றுக்கொன்று எடையில் ஒத்திருக்க வேண்டும். இழை நேராக ஓட வேண்டும். இந்த மூன்றும் சரியாக அமைந்த சாதாரண மரம், இவை அமையாத உயர்ந்த மரத்தைவிட எவ்வளவோ மேல். மானின் விலாவுக்குள், ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுள்ள இடத்தில் அம்பு போய்ச் சேர வேண்டும். அது தவறினால் ஒரு உயிர் நாள்கணக்கில் துன்பப்படும். அந்தப் பொறுப்பு தண்டு வாங்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

விறைப்பிலிருந்து தொடங்குவோம். வில்லாளர்கள் இதை ஸ்பைன் என்கிறார்கள். லாங்போவில் அம்பு வில்லின் நட்டநடுவில் உட்காருவதில்லை. கைப்பிடியின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கிறது. நாணோ வில்லின் நடுவை நோக்கி ஓடுகிறது. அப்படியென்றால் அம்பு பக்கவாட்டில்தானே பறக்க வேண்டும்? நேராகப் போகிறதே, எப்படி? நாண் தள்ளும் வேகத்தில் தண்டு வளைகிறது, வில்லைச் சுற்றி நெளிந்து கடக்கிறது, பிறகு மெல்ல மெல்ல நெளிவு அடங்கி நேராகிறது. இதற்கு 'வில்லாளியின் முரண்' என்று 1930-களில் பெயர் வைத்தவர் அமெரிக்க வில்லாளர் ராபர்ட் எல்மர். இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதே காலத்தில் அதிவேகப் படக்கருவியால் இந்த நெளிவைப் படம்பிடித்துக் காட்டினார். தண்டு தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் வில்லில் உரசி, வலக்கைக்காரருக்கு இடப்பக்கம் விலகும். தொய்வாக இருந்தால் வலப்பக்கம் விலகும். கார்பன் அம்போடு நவீன வில் எய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு, ஏனென்றால் அந்த வில்லின் கைப்பிடி நடுவரை வெட்டப்பட்டிருக்கும். லாங்போக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

அளக்கும் முறை எளிது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்து, அவற்றின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 2 பவுண்டு எடையைத் தொங்கவிட வேண்டும். தண்டு எத்தனை அங்குலம் இறங்குகிறதோ, அந்த எண்ணால் 26-ஐ வகுத்தால் ஸ்பைன் பவுண்டில் கிடைக்கும். 0.52 அங்குலம் இறங்கினால் 50 பவுண்டு. கடைகளில் 45-50, 50-55, 55-60 என்று ஐந்து ஐந்தாகப் பிரித்து விற்பார்கள்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வில் 50 பவுண்டு என்றால் தண்டும் 50 என்று வாங்கிவிடுகிறார்கள். கடைக்காரர்களின் ஸ்பைன் அட்டவணை 28 அங்குல அம்புக்கும் 125 கிரெயின் (ஏறத்தாழ 8 கிராம்) முனைக்கும் பொருந்தும்படி போடப்பட்டது. அம்பு ஓர் அங்குலம் நீண்டால் 5 பவுண்டு கூட்ட வேண்டும். முனை 25 கிரெயின் கனத்தாலும் ஏறத்தாழ 5 பவுண்டு கூட்ட வேண்டும். நாண் பழைய டேக்ரானாக இல்லாமல் நீட்சி குறைந்த புதுவகை நூலாக இருந்தால் இன்னொரு 5. கைப்பிடி நடுவரை வெட்டப்படாத லாங்போ என்றால் 5 குறைக்க வேண்டும். என் கணக்கு இப்படிப் போகிறது: கையில் 50 பவுண்டு, அம்பு 28 அங்குலம், மாற்றம் இல்லை, முனை 160 கிரெயின், அதற்கு 5 கூட்டல், நாண் டேக்ரான், கைப்பிடிக்கு 5 கழித்தல். மறுபடி 50-க்கே வந்து நின்றது. அதனால் 50-55 பிரிவு. உங்களுக்கு இது 45-ஆகவும் வரலாம், 65-ஆகவும் வரலாம். ஒரு டஜன் வாங்கும் முன் மூன்று பிரிவிலும் இரண்டிரண்டு தண்டு வாங்கி, இறகு ஒட்டாமல் முனை மட்டும் மாட்டிப் பத்துப் பதினைந்து கஜத்தில் எய்து பாருங்கள். எது இறகு வைத்த அம்போடு சேர்ந்து போய் நிற்கிறதோ அதுதான் உங்கள் வில் கேட்கும் தண்டு. எந்த அட்டவணையும் அதைவிடத் துல்லியமாகச் சொல்லாது.

விறைப்பைத் தீர்மானிப்பது மரம் மட்டும் அல்ல, தடிமனும்தான். தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு ஏறும். 11/32 அங்குலத் தண்டையும் 23/64 அங்குலத் தண்டையும் அருகருகே வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஓர் அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்குதான் கூடுதல். ஆனால் ஒரே மரத்தில் செய்தால் விறைப்பு 19 சதவீதம் கூடிவிடும்! இந்த ஒரு விவரம் புரிந்துவிட்டால் மர ஒப்பீட்டில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது எடை. கிரெயின் என்பது மிகச் சிறிய அளவு. 500 கிரெயின் சேர்ந்தால் 32 கிராம் சொச்சம். வேட்டைக்கு வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 9 அல்லது 10 கிரெயின் அம்பு இருக்க வேண்டும் என்பது மரபு வில்லாளர்களிடையே பரவலாக உள்ள கணக்கு. என் 50 பவுண்டுக்கு 450 முதல் 500 வரை. கொஞ்சம் கூடினாலும் எனக்குச் சம்மதம். கனத்த அம்பு மெதுவாகப் போகும், ஆனால் வில்லின் சக்தியை அதிகமாக வாங்கிக்கொள்ளும், நாணின் சத்தம் குறையும், உடலுக்குள் ஆழமாக இறங்கும். நான் 20 கஜத்துக்கு மேல் எய்வதில்லை. அந்தத் தூரத்தில் வேகக் குறைவை நான் பொருட்படுத்துவதில்லை.

இப்போது மரங்களுக்கு வருவோம். 28 அங்குல நீளம், 11/32 அங்குலத் தடிமன் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மரத்தின் சராசரி அடர்த்தியிலிருந்து நான் போட்ட கணக்கு இது. சிட்கா ஸ்ப்ரூஸ் தண்டு வெறுமனே 280 கிரெயின், போர்ட் ஆர்ஃபர்ட் சீடார் 305, டக்ளஸ் ஃபிர் 335, ஆஷ் 440, மஞ்சள் பிர்ச் 450, ஹிக்கரி 525. முனை, இறகு, நாணில் மாட்டும் கவ்வி, பசை, பூச்சு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 190 கூட்டிக்கொள்ளுங்கள். இதே தண்டுகளின் சராசரி ஸ்பைனையும் கணக்கிட்டேன்: ஸ்ப்ரூஸ் 39, சீடார் 41, ஃபிர் 47, ஆஷ் 42, பிர்ச் 49, ஹிக்கரி 52.

இந்த எண்களை நிதானமாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். ஆஷ் சீடாரைவிட 135 கிரெயின் கனம், ஆனால் விறைப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று. பிர்ச் ஃபிரைவிட மூன்றில் ஒரு பங்கு கனம், விறைப்போ இரண்டு பவுண்டுதான் கூடுதல். ஊசியிலை மரங்கள் குறைந்த எடையில் நிறைய விறைப்பைத் தருகின்றன. அதனால்தான் விமானத் தொழிலின் தொடக்கக் காலத்தில் இறக்கைச் சட்டங்களுக்கு சிட்கா ஸ்ப்ரூஸைத் தேடினார்கள். அம்புக்கும் அதே குணம்தான் தேவை.

போர்ட் ஆர்ஃபர்ட் சீடாரைப் பற்றி எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பாசம் வந்துவிடும். பெயரில் சீடார் இருந்தாலும் நம் தேவதாருவின் இனம் அல்ல, சைப்ரஸ் குடும்பத்து மரம். ஒரிகானின் தென்மேற்குக் கரையிலும் கலிபோர்னியாவின் வடமேற்கு முனையிலும் மட்டும் இயற்கையாக வளர்கிறது. இழை சீராகவும் நேராகவும் இருக்கும். தண்டு கோணினால் கட்டைவிரலால் அழுத்தி, ஒரு கொக்கியால் தேய்த்து நேராக்கிவிடலாம், சொன்னபடி கேட்கும். உப்புத்தாள் போட்டால் மெழுகு மாதிரி வழவழப்பாகும். அப்புறம் அந்த வாசனை! இஞ்சியும் மிளகும் கலந்தாற்போல, தண்டை அறுக்கும்போதும் உடைந்த இடத்திலும் வரும். முதல் அம்பை சீடாரில் செய்தவர்கள் அந்த வாசனையை மறக்க மாட்டார்கள். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க வில்லாளர்களின் கையில் அம்பு என்றாலே இந்த மரம்தான் என்ற நிலை இருந்தது.

அந்த நிலை மாறியதற்கு மரம் காரணம் இல்லை. பெரிய மரங்களை வெட்டித் தீர்த்தார்கள். ஜப்பானின் ஹினோகி மரத்துக்கு ஈடாக இதைக் கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். அதோடு வேர் அழுகல் நோய் வந்தது. 1923-இல் சியாட்டில் பக்கத்து நாற்றங்கால்களில் முதலில் கண்ட நோய் 1952-இல் மரத்தின் தாயகக் காட்டுக்குள் நுழைந்தது. ஓடும் நீரிலும் வண்டிச் சக்கரத்துச் சேற்றிலும் அதன் வித்துகள் பரவுகின்றன. அந்தப் பக்கம் போகும் வேட்டைக்காரர்கள் வண்டியையும் காலணியையும் கழுவிவிட்டுப் போக வேண்டும். நம் அம்புக்காக நிற்கிற மரங்கள் அவை. இன்றும் நல்ல சீடார் தண்டு கிடைக்கிறது. ஆனால் 50-55 ஸ்பைனில், எடை ஒத்த ஒரு டஜன் வேண்டும் என்றால் கூடுதல் விலை கொடுக்க வேண்டும், காத்திருக்கவும் வேண்டும். காரணம் மேலே சொன்ன எண்ணிலேயே இருக்கிறது. சராசரி சீடார் 11/32 தடிமனில் 41 பவுண்டுதான் தரும். 50-ஐத் தாண்ட வேண்டும் என்றால், அடர்த்தி மிக்க துண்டுகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும், அல்லது 23/64 தடிமனுக்குப் போக வேண்டும்.

வேட்டைக்கு சீடாரின் பலவீனம் முனைக்குப் பின்னால் இருக்கிறது. அம்பு குறி தப்பிக் கல்லிலோ மரக்கட்டையிலோ பட்டால், உலோக முனை முடியும் இடத்தில் நறுக்கென்று முறியும். என் முதல் இரண்டு ஆண்டுகள் முழுக்க சீடார்தான். பயிற்சியில் இழந்த அம்புகளில் பெரும்பாலானவை அந்த ஒரே இடத்தில்தான் போயின. விலா எலும்பை சீடார் தாராளமாகத் துளைத்துப் போகும், அதில் சந்தேகம் வேண்டாம். தோள் எலும்பில் பட்டால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

டக்ளஸ் ஃபிர் எங்கள் ஒரிகானின் மாநில மரம். இதுவும் உண்மையான ஃபிர் இனம் இல்லை. வீட்டுக்கு வீடு சட்டமும் உத்தரமும் இதில்தான். அம்புக்கு வேண்டியது, நிழலில் மெதுவாக வளர்ந்த மரத்தின் நெருக்கமான வளையங்கள் உள்ள கட்டை. ஓர் அங்குலத்தில் எத்தனை வளையம் என்று எண்ணிப் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், வளையங்கள் அகன்று கிடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வேகமாக வளர்ந்த தோட்டத்து மரத்தில் அந்த உறுதி வராது.

நான் ஃபிருக்கு மாறியதற்கு மூன்று காரணம். சராசரித் தண்டே 47 பவுண்டு தருவதால், 50-55 பிரிவில் ஒத்த டஜன் பொறுக்குவது எளிது. முழு அம்பு 525 கிரெயினைத் தொட்டுவிடுகிறது, அதாவது பவுண்டுக்குப் பத்தரை. வேட்டைக்கு நான் விரும்பும் எடை தானாகவே அமைகிறது. மூன்றாவது காரணம் அடி தாங்குவது. உளுத்த கட்டைகளை நோக்கிச் சுற்றித் திரிந்து எய்யும் பயிற்சியில் ஒரு ஃபிர் டஜன், என் அனுபவத்தில், சீடார் டஜனைவிட இரண்டு மடங்கு காலம் வந்தது. ஒரு முறை நேராக்கிவிட்டால் நேராகவே நிற்கும் குணமும் இதற்கு உண்டு.

குறையும் சொல்ல வேண்டும். ஃபிரின் வளையத்தில் வசந்தகால மரம் மென்மை, கோடைக்கால மரம் கடினம். உப்புத்தாள் போட்டால் மென்மையான பகுதி தேய்ந்து, கடினமான வரி மேடாக நிற்கும். விரலால் தடவினால் வரி வரியாகத் தெரியும். சாயமும் சீராகப் பிடிக்காது. நேராக்குவதற்கு சீடாரைவிடப் பிடிவாதம் அதிகம், அடுப்புச் சூட்டில் லேசாகக் காட்டித்தான் வளைக்க வேண்டும். உடைந்தால் நீளமான சிம்பாகப் பிளக்கும். அந்தச் சிம்பு விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம்.

ஸ்ப்ரூஸ் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். இருப்பதிலேயே எடை குறைவு, நார் நீளம், எடைக்கு வலு அதிகம். 35, 40 பவுண்டு வில்லோடு தூர இலக்குக்கு எய்பவர்களுக்கு அருமையான மரம். 50 பவுண்டு வேட்டை வில்லுக்கு நான் எடுப்பதில்லை. முழு அம்பு 470 கிரெயினில் நின்றுவிடுகிறது, நான் விரும்பும் 500-க்கு மேல் அதை ஏற்ற முனையில் எடை சேர்த்தால் ஸ்பைன் கணக்கு மறுபடி மாறுகிறது. லாட்ஜ்போல் பைன் எடையில் சீடாருக்குப் பக்கத்தில் வரும். கிடைத்தால் வாங்கலாம், தேடி அலைய வேண்டாம்.

கடின மரங்கள் வேறு கதை. 1911-இல் கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் மலையிலிருந்து இறங்கி வந்த யாஹி என்ற பழங்குடியினரான இஷி, ஹேசல் செடியின் நேரான கொம்புகளில் அம்பு செய்தவர். அவரிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், வேட்டை அம்புக்கு பிர்ச் மரத்தைத்தான் விரும்பினார். கரடி போன்ற பெரிய விலங்குகளை நோக்கி எய்தவர் அவர். கையில் இருந்தது என்னுடையதைவிடப் பலமான வில். அந்த நிலையில் பிர்ச் சரியான தேர்வு. வில் 60 பவுண்டைத் தாண்டினால் 640 கிரெயின் அம்பை அது நன்றாகவே தள்ளும். ஆப்பிரிக்காவில் நிறைய விலங்குகளில் அம்பின் ஊடுருவலைச் சோதித்த எட் ஆஷ்பி, தடித்த எலும்பைக் கடக்க 650 கிரெயின் வேண்டும் என்று வரையறுத்தார். கடின மரக்காரர்கள் இந்த எண்ணைத்தான் சுட்டிக்காட்டுவார்கள்.

எண்ணை நான் மறுக்கவில்லை. ஆனால் 50 பவுண்டு வில்லில் அது பவுண்டுக்கு 13 கிரெயின். அம்பு வானவில் போல வளைந்து போகும். தூரத்தை இரண்டு மூன்று கஜம் தவறாக மதிப்பிட்டாலே மானின் முதுகுக்கு மேலேயோ வயிற்றிலேயோ போய்விடும். என்னைப் போன்ற நடுத்தர வில்லாளிக்கு அது பெரிய ஆபத்து. எல்க் என்ற பெரிய மானின வேட்டைக்குப் போவதானால் நான் தண்டு முழுவதையும் கனமாக்க மாட்டேன். 23/64 தடிமனில் ஃபிர் எடுத்து, விறைப்பைக் கூட்டிக்கொண்டு, அந்தக் கூடுதல் விறைப்பை 200 கிரெயினுக்கு மேற்பட்ட முனைக்குச் செலவழிப்பேன். எடை முன்னால் குவிந்தால் அம்பு சீக்கிரம் நேராகும், உள்ளே இறங்குவதும் கூடும்.

ஹிக்கரிக்கு இணையான உறுதி இந்தப் பட்டியலில் எதற்கும் இல்லை. கல்லில் பட்டாலும் பிழைக்கும். ஆனால் இன்று நேராக்கினால் நாளை மறுபடி கோணும். ஈரக் காற்றுப் பட்டால் இன்னும் மோசம். ஆஷ் பற்றிய கணக்கை மேலே பார்த்தோம், எடை உண்டு, விறைப்பு இல்லை. ராமின் என்று ஒரு மரம் போர்னியோ, சுமத்ரா பக்கத்திலிருந்து வரும்; கடைகளில் உருட்டுக்கழியாகக் கிடைத்ததால் பலர் பயன்படுத்தினார்கள். அந்த மரமே அழிவை நோக்கிப் போய், 2004-இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதை விட்டுவிடுவோம்.

இலேசான மரத்தைத் தடிமனாக எடுப்பதும் பழைய வழிதான். 1545-இல் மூழ்கி 1982-இல் வெளியே எடுக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் போர்க்கப்பலில் கிடைத்த ஆயிரக்கணக்கான அம்புகளில் பெரும்பாலானவை பாப்லர். 100 பவுண்டைத் தாண்டிய வில்களுக்கு அந்த இலேசான மரத்தைத் தடிமனாகச் செதுக்கிப் போட்டிருக்கிறார்கள். மரத்தின் பெயரைவிடத் தடிமனும் விறைப்பும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

செடிக் கொம்புகளும் மூங்கிலும் இன்னொரு வகை. ஆல்ப்ஸ் பனியில் 1991-இல் கண்டெடுத்த ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தைய மனிதரின் அம்பறாத்தூணியில் 14 தண்டுகள் இருந்தன, வைபர்னம் செடியின் கொம்புகள். முழுதாக முடிந்தவை அவற்றில் இரண்டு மட்டும். அந்த வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு ஏன் இரண்டு என்பது புரியும். கொம்பில் இழை அறுபடாமல் முழுதாக இருக்கும்; அதனால் பிளந்து அறுத்த மரத்தைவிட உறுதி. மூங்கில் இன்னும் உறுதி, ஈரத்துக்கும் அஞ்சாது. ஜப்பானிய வில்லாளர்கள் மூங்கில் அம்பை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். ஆனால் வெட்டி, மாதக்கணக்கில் உலர்த்தி, கணுவைச் சீவி, சூட்டில் நேராக்கி, ஸ்பைன் பார்த்துப் பிரித்து, ஒத்த பன்னிரண்டு சேர்க்க நூறு கொம்பாவது வேண்டும். நேரம் இருப்பவர்கள் கட்டாயம் செய்து பாருங்கள். செப்டம்பர் வேட்டைக்கு ஆகஸ்டில் தொடங்க வேண்டாம்.

மரத்தை முடிவு செய்தாயிற்று. அடுத்து, கைக்கு வந்த தண்டை எப்படிப் பார்ப்பது? இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து அவசரமாகக் கடக்காதீர்கள். சில ஆண்டுக்கு முன் இணையத்தில் வாங்கிய ஒரு டஜனில், ஒரு தண்டின் இழை நடுவில் பக்கவாட்டில் வெளியேறி இருந்தது. விற்றவரும் கவனிக்கவில்லை, நானும் சாயம் பூசும் அவசரத்தில் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் நாணை விட்டதும் அது வில்லிலேயே உடைந்தது. பின்துண்டு என் இடது முன்கையை உரசிக்கொண்டு போனது. தோல் கிழிந்ததோடு தப்பினேன். ஒரு விரற்கடை கீழே வந்திருந்தால் கைக்குள் ஏறியிருக்கும்.

தண்டை வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். எதிரெதிரான இரண்டு பக்கத்தில் வளையங்கள் நேர்கோடுகளாக ஓடும். மற்ற இரண்டு பக்கத்தில் தீச்சுடர் போலக் கூர்கூராகத் தெரியும். நேர்கோடுகள் தண்டின் முழு நீளத்துக்கும் ஓடினால் முதல் தரம். அவை நடுவில் ஓரத்தை வெட்டிக்கொண்டு வெளியேறினால், குறிப்பாக முன்பாதியில் வெளியேறினால், அந்தத் தண்டை ஒதுக்கிவிடுங்கள். கட்டுமானக் கடையில் விற்கும் உருட்டுக்கழிகளில் இந்தக் குறை சர்வசாதாரணம். ஐம்பது கழி புரட்டினால் நாலைந்து தேறும்.

நாணைக் கவ்வும் கவ்வியை ஒட்டும்போது நேர்கோட்டுப் பக்கம் வில்லைப் பார்த்து இருக்க வேண்டும். தண்டு அந்தத் திசையில்தான் ஒரே சீராக வளையும், ஸ்பைன் அளப்பதும் அந்தத் திசையில்தான். மேல்பக்கம் வரும் சுடர்க்கூர்கள் இலக்கை நோக்கி இருக்கட்டும். அப்படி வைத்தால், உடைந்தாலும் சிம்பு கையை விட்டு மேல்நோக்கிப் போக வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறை எய்யும் முன்பும் அம்பை இரு கையிலும் பிடித்து லேசாக வளைத்து, சடசட என்ற சத்தம் வருகிறதா என்று காது கொடுங்கள். சத்தம் வந்தால் அந்த அம்பை அங்கேயே முறித்துப் போட்டுவிடுங்கள். எடுத்து வைத்தால் யாராவது எய்துவிடுவார்கள்.

வாங்கும்போது கிடைத்தால், பின்முனை 11/32-லிருந்து 5/16 அங்குலத்துக்குக் கடைசி 9 அல்லது 10 அங்குலத்தில் ஒடுங்கும் தண்டாக வாங்குங்கள். வில்லை உரசாமல் சீக்கிரம் கடக்கும், பின்பக்க எடையும் குறையும். லாங்போவில் இந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது, கொடுக்கும் கூடுதல் விலை வீண் இல்லை.

பூச்சைப் பொறுத்தவரை என் அனுபவம் ஒன்றுதான். நவம்பர் மழையில் ஒரு முழு நாள் நின்றபின், இரண்டு அம்புகள் பின்முனையில் கோணியிருந்தன. தண்டின் உடம்புக்கு மூன்று கை பாலியூரித்தேன் பூசியிருந்தேன். கவ்விக்கு அடியில் சீவிய முனையை மட்டும் வெறுமையாக விட்டிருந்தேன். மரம் தண்ணீர் குடிப்பது வெட்டுமுனை வழியாகத்தான். முனையும் கவ்வியும் ஒட்டுவதற்கு முன்பே தண்டின் இரு நுனியிலும் கூம்பாகச் சீவிய இடத்தில் பூச்சை ஊறவிட்டு உலரவிடுங்கள். ஈரம் ஏறிய தண்டில் விறைப்பும் குறைந்துவிடும். அப்படியானால் நீங்கள் கணக்குப் போட்டு வாங்கிய 50-55 அன்று 50-55 ஆக இருக்காது.

இந்த ஆண்டு நான் கேட்டிருப்பது டக்ளஸ் ஃபிர், 11/32, ஒடுங்கிய பின்முனை, 50-55 ஸ்பைன், பன்னிரண்டும் 10 கிரெயினுக்குள் ஒத்த எடை. முதல் டஜன் செய்யப்போகும் நண்பருக்கு நான் சொன்னது சீடார், 23/64, ஏனென்றால் நேராக்கவும் சீவவும் கற்றுக்கொள்ள அதைவிடப் பொறுமையான மரம் இல்லை. அவர் வில்லும் 45 பவுண்டுதான், மானுக்கு அது போதும்.

தண்டுகள் வந்ததும் ஒவ்வொன்றிலும் ஓர் எண் எழுதுவேன். பூச்சும் இறகும் முடிந்தபின், வேட்டை முனையின் அதே எடையுள்ள பயிற்சி முனையை மாட்டி, ஒவ்வொரு எண்ணும் எங்கே விழுகிறது என்று ஒரு வாரம் குறித்துவைப்பேன். எல்லாம் ஒரே மரம், ஒரே ஸ்பைன், ஒரே எடை என்றாலும் ஒன்றிரண்டு எப்போதும் கூட்டத்தை விட்டு விலகும். சேர்ந்து விழும் ஆறுக்கு மட்டும் ப்ராட்ஹெட் என்ற வேட்டை முனை ஏறும். விலகியவற்றுக்கு ரப்பர் மொட்டைமுனை மாட்டி, வழியில் தென்படும் உளுத்த கட்டைகளுக்கு என்று அம்பறாத்தூணியின் ஓரத்தில் செருகிக்கொள்வேன்.